முதல் மடக்கு

“வாயத் தெறக்க மாட்டேங்குறாரும்மா” என்று டாக்டர் சொன்னபோது, அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடு, வாயை மூடு என்று ஊரும் போலீசும் எத்தனையோ வருஷம் சொல்லியும் மூடாத மனுஷன் என் அப்பா. எங்கள் பக்கத்தில் வயல் கூலிகளுக்குச் சங்கம் என்று ஒன்று முளைவிட்ட காலத்தில், எங்கள் தெருவிலிருந்து முதலில் சேர்ந்த இளவட்டங்களில் ஒருத்தர். மைக் இல்லாமலே நாலு வயல் தாண்டிக் கேட்கும்படி பேசுவார். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு கூலி உயர்வைப் பற்றிப் பேசி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அந்த வாயைத்தான் டாக்டர் சொன்னார்.

சம்பா நடவு முடிந்த சமயம் அது. வாய்க்கால் படியில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். தொண்ணூறை ஒட்டிய வயசு. வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சு குழறியது. என் தம்பி காரைப் பிடித்துத் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தான். மூளையில் அடைப்பு, ஆனால் உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை என்றார்கள். பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. தண்ணீர் கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டார். கஞ்சி கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழுங்குவதில் கோளாறு ஒன்றும் இல்லை, எச்சிலை முழுங்குகிறார், பார்த்துவிட்டோம் என்றார் டாக்டர். டம்ளரைக் கிட்டே கொண்டுபோனால்தான் இந்தப் பாடு.

“நான் பாத்துக்குறேன் டாக்டர்” என்று சொன்னேன். வாய்க்கொழுப்பு. நான் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சோறு வேண்டாம் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளை எல்லாம் மிரட்டியும் கொஞ்சியும் தின்ன வைத்தவள். ஆக்கின சாப்பாட்டை முதலில் நான் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குப் போட வேண்டும், அது சட்டம். தின்று பார்த்துவிட்டு, “அடடா, இன்னிக்கு நானே எல்லாத்தையும் தின்னுறப் போறேன்” என்பேன். அதுகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். எனக்குத் தெரியாத ஊட்டுதலா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் ஒன்றும் பலிக்கவில்லை. இளநீர், மோர், ரசம், ஆர்லிக்ஸ் எல்லாம் பார்த்தாயிற்று. “அப்பா, நான்தாம்ப்பா, ஒன் ஆயி” என்றேன். மகளை ஆயி என்றுதான் அவர் கூப்பிடுவார். கண்ணைத் திறந்து பார்ப்பார். என்னைத் தெரிகிற மாதிரி இருக்கும். ஸ்பூன் உதட்டில் பட்டதும் பல்லைக் கடித்துக்கொள்வார். நல்லாயிருக்கிற இடது கையால் டம்ளரைத் தட்டிவிடுவார். படுக்கை முழுக்கக் கஞ்சி. துடைத்துவிட்டுக் கெஞ்சுவேன். கெஞ்சிவிட்டுத் திட்டுவேன். திட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுவேன். பட்டினி கிடந்து சாவதற்கு இவர் என்ன போராட்டமா நடத்துகிறார் என்று தம்பியிடம் கத்தினேன். அவன் பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

ஏற்றுகிற குளுக்கோஸ் எத்தனை நாளைக்குத் தாங்கும்? நாக்கு வறண்டு வெடித்துவிட்டது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டுவிடலாம், அதில் கஞ்சித் தண்ணியும் மருந்தும் ஊற்றினால் ஆள் பிழைப்பார், இல்லாவிட்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர். நானும் தம்பியும் சரி என்றோம். வேறென்ன சொல்வது?

குழாய் போட வந்த நர்ஸ், வேளாங்கண்ணிப் பக்கத்துப் பொண்ணு. கழுத்தில் ஜெபமாலை. அப்பாவைத் தொடுவதற்கு முன்னால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “தாத்தா, கொஞ்சூண்டு பொறுத்துக்கங்க, மோர் குடிக்கிற மாதிரி முழுங்குங்க தாத்தா” என்று நல்லபடியாகத்தான் சொன்னாள். வார்டு ஆள் ஒருத்தர் தலையைப் பிடித்துக்கொண்டார். தம்பி காலைப் பிடித்தான். “அம்மா, நீங்க அந்தக் கையப் புடிச்சுக்கங்க” என்றாள் என்னிடம். நான் அப்பாவின் இடது கையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். மண்வெட்டி பிடித்த கை, அந்த வயசிலும் என்னைத் தூக்கிப் போட்டது. முழு பாரத்தையும் போட்டு அமுக்கினேன்.

அப்போது அப்பா என்னை நேருக்கு நேர் பார்த்து, குழறலாக, ஆனால் விளங்கும்படி சொன்னார்: “வேணாம் சித்தப்பா.”

எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னார். “சித்தப்பா, வேணாம்.” கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. குழாய் உள்ளே போய்விட்டது. “அப்படித்தாம்மா, ஆளு மாறி மாறித் தெரியும்” என்று நர்ஸ் என்னைத் தேற்றினாள். அப்பாவுக்குச் சித்தப்பா என்று ஒருத்தர் இருந்தாரா என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டார். மூக்கிலிருந்து ரத்தம். மறுபடியும் போட்டார்கள், இந்தத் தடவை இடது கையைக் கட்டுத்துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். அதையும் எப்படியோ தலையைத் தேய்த்துத் தேய்த்து மறுநாள் காலையில் வெளியே தள்ளிவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் நானே இருந்து போடுகிறேன், அதற்குள் வாயால் ஏதாவது இறங்கினால் பார்க்கலாம் என்று சொல்லிப் போனார். கையை மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்றார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வந்துவிடக் கூடாதே என்று இருந்தது. சாயங்காலம் வராமல் போனால் அப்பா செத்துப்போவார் என்றும் இருந்தது. அன்றைக்குப் பட்ட பாட்டை எந்த எதிரிக்கும் நான் நினைக்க மாட்டேன்.

மத்தியானம் அத்தை வந்தது. அப்பாவின் ஒரே தங்கை. திருக்காட்டுப்பள்ளியில் கட்டிக்கொடுத்தது, மகன் வீட்டில் இருக்கிறது. முட்டி வலி, சர்க்கரை, இத்தனையும் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தது. தம்பி போன் பண்ணி, சாப்பிட மாட்டேங்குறார் என்று சொல்லியிருக்கிறான். உள்ளே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது கட்டில் கம்பியில் கட்டியிருந்த கைதான்.

“யாரு கட்டுனது?” என்றது.

“ஆஸ்பத்திரியிலதான் அத்தை. கொழாயப் புடுங்கிடுறாரு.”

“அவுருடி.”

“அவுக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு.”

“டாக்டரு எங்கண்ணன் கூடப் பொறந்தவரா? அவுருடின்னா அவுரு.”

நான் கையை அசைப்பதற்குள் அதுவே அவிழ்த்துவிட்டது. கட்டு இருந்த இடத்தைத் தேய்த்துவிட்டது. “அண்ணே” என்றது. அப்பா பார்த்தார். அத்தை மேஜை மேலிருந்த கஞ்சித் தண்ணி டம்ளரை எடுத்தது. நீட்டவில்லை. அவர் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, தன் வாயில் வைத்து, ஒரு மடக்கு குடித்து, முழுங்கிக் காட்டியது. பிறகு, வாய் வைத்த அதே விளிம்பை அப்பாவின் உதட்டுக்குக் கொண்டுபோனது.

அப்பா வாயைத் திறந்தார்.

மடக் மடக் என்று குடித்தார். பாதி தாடையில் வழிந்தது, மீதி உள்ளே போயிற்று. அந்த நர்ஸ் பொண்ணு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எச்சில் பண்ணிக் கொடுக்கக் கூடாது, இன்பெக்ஷன் ஆகும் என்று சொல்ல வாயெடுத்தது, பிறகு என்ன நினைத்ததோ, ஒன்றும் சொல்லாமல் டாக்டரைக் கூப்பிடப் போனது.

ஊர் உலகத்தில் யாருக்காவது எச்சில் தண்ணியைக் கொடுப்போமா? அண்ணாந்து குடித்தாயா என்று கேட்டுக் கேட்டுத்தானே செம்பை வாங்குவோம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா இருந்தவரைக்கும் அப்பாவுக்கு டீயோ தண்ணியோ எது கொடுத்தாலும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத்தான் கொடுக்கும். சூடு பார்க்கிறது, இனிப்பு பார்க்கிறது என்று நினைத்திருந்தேன். பச்சைத் தண்ணிக்கு என்ன சூடு, என்ன இனிப்பு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அம்மா போன பிறகு அப்பா யார் கையாலும் வாங்கிக் குடித்ததில்லை. தானே பானையில் மொண்டு குடிப்பார். தானே டீ போட்டுக்கொள்வார். டீக்கடையில் பேப்பர் படிப்பாரே ஒழிய டீ குடிக்க மாட்டார். கல்யாணத்துக்குப் போனால் சோடா பாட்டிலை வாங்கித் தன் கையால்தான் திறப்பார். கை போனதும்தான் இத்தனை பாடும். முப்பது வருஷம் தின்று பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டவளுக்கு இது தெரியவில்லை.

அப்பா தூங்கிய பிறகு வராந்தாவில் உட்கார்ந்து அத்தையைக் கேட்டேன். சித்தப்பா யாரு?

அத்தை முந்தானையால் வாயைத் துடைத்தது. “அது அப்பிடியா சொல்லுச்சு?” என்று கேட்டது. “ஒன்னயப் பாத்தா சொல்லுச்சு?”

கதையை அத்தை துண்டு துண்டாகத்தான் சொன்னது. எங்கள் தெருவில் சங்கம் வந்தபோது, தெரு முனையில் மூங்கிலை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டியது அப்பாதான். அப்போது மீசை அரும்புகிற வயசு. குடியிருக்கிற இடம் மிராசுதாருடையது, வேலை அவருடையது, உழுகிற மாடு, தின்கிற நெல் எல்லாம் அவருடையது. கொடியைக் கட்டினவனே அவிழ்க்க வேண்டும் என்று மிராசு வீட்டிலிருந்து ஆள் வந்தது. அப்பா மாட்டேன் என்றுவிட்டார். களத்துக்குக் கூப்பிட்டுத் தென்னை மரத்தில் கட்டிச் சவுக்கால் அடித்தார்கள். முதுகுத் தழும்பு எனக்குத் தெரியும், சின்ன வயசில் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சாணிப்பால் என்று ஒரு தண்டனை அந்தக் காலத்தில் இருந்தது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பால் என்று பேர்தான். மாட்டுச் சாணியைத் தண்ணியில் கரைத்துக் குடிக்க வைப்பது. சங்கத்து மேடையில் வருஷா வருஷம் யாராவது அதைப் பற்றிப் பேசுவார்கள். அப்பா முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவரும் பேசுவார், வேறு யார் யாருக்கோ நடந்ததாக.

“அடிக்கிறதுக்குச் சவுக்கு நீளம் போதும்” என்றது அத்தை. “வாயில ஊத்தணும்னா கிட்ட வரணும்ல? தொடணும்ல? அந்த வீட்டு ஆளுங்க எங்களத் தொடுவாங்களா? தீட்டாச்சே. அதுக்கு எங்க ஆளையே கூப்புட்டாங்க. எங்க சித்தப்பாவ.”

அத்தைக்கும் அப்பாவுக்கும் அப்பன் சின்ன வயசிலேயே போய்விட்டார். தூக்கி வளர்த்தது அந்தச் சித்தப்பாதான். அவருக்கும் குடிசை மிராசு நிலத்தில்தான், பிள்ளைகுட்டிகள் இருந்தன. ஊற்று என்றார்கள். இல்லாவிட்டால் உன் குடிசை சாயங்காலம் இருக்காது என்றார்கள். தெரு ஆட்கள் இரண்டு பேர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சித்தப்பா ஊற்றினார்.

“அண்ணன் முழுங்கவே இல்ல. கன்னம் ரெண்டும் புடைச்சுக்கிட்டு வாயிலயே வச்சுக்கிட்டு நின்னுச்சு. சித்தப்பா அழுவுறாரு. முழுங்கிடுடா தம்பி, முழுங்கிடு, முழுங்குனா வுட்டுருவாங்க அப்பிடிங்குறாரு. பொறவு அவரே மூக்கப் புடிச்சாரு. எறங்கிடுச்சு.”

அத்தை அப்போது பொடிசு. கூட்டத்தின் காலுக்கு இடையில் நின்று பார்த்திருக்கிறது.

வீட்டுக்குத் தூக்கி வந்த பிறகு அப்பா யார் கொடுத்த தண்ணியையும் குடிக்கவில்லை. சவுக்கடிக்குக் காய்ச்சல் வேறு. பெற்றவள் கொடுத்தும் குடிக்கவில்லை. மிராசுதார் கையால் கொடுத்திருந்தால் மிராசுதார் மேல் மட்டும் கோபம் இருந்திருக்கும். கொடுத்தது சொந்தக் கை. அதனால் எந்தக் கையையும் நம்ப முடியவில்லை. அழுது அழுது தொண்டை வறண்ட இந்தத் தங்கச்சி, அவருக்கு வைத்திருந்த நீராகாரத்தை எடுத்துக் குடித்திருக்கிறது. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மீதிக்குக் கையை நீட்டினாராம்.

“அன்னியிலேந்து நான் குடிச்சுட்டுத்தான் குடுப்பேன். ஒங்கம்மா வந்ததும் அதுக்கிட்டச் சொன்னேன். ஏன் எதுக்குன்னு அது கேக்கல. ஒங்கப்பாவும் சொல்லிக்கல.”

“அந்தச் சித்தப்பா என்ன ஆனாரு?”

“அறுப்புக்கு முன்னாடியே ராவோட ராவா குடும்பத்தக் கூட்டிக்கிட்டு எங்கயோ போயிட்டாரு. கொடியையும் அவரத்தான் எறக்கச் சொன்னாங்க. எறக்கிட்டுப் போனாரு. பொறவு நாங்க கட்டுனோம், அவங்க எறக்குனாங்க. நாங்க கட்டுனோம். போலீசு வந்து தெருவ மேஞ்சுட்டுப் போச்சு. அது பெரிய கத.”

எனக்கு அந்தப் பெரிய கதை தெரியும். அதைத்தான் அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாரே. கூலிக்கு ஒப்பந்தம் போட்டது, சவுக்கடியும் சாணிப்பாலும் நின்றது, மிராசு வாசலில் செருப்போடு நடந்தது எல்லாம். எனக்கு வேண்டியிருந்தது இந்தச் சின்னக் கதைதான். இதைச் சொல்லித் தொலைத்திருந்தால் நான் அந்தக் கையைப் பிடித்து அமுக்கியிருப்பேனா? தூங்குகிற மனுஷன் மேல் எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. அப்புறம் அத்தையின் மடியில் தலையை வைத்து வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் குழாய் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அத்தையும் கூட வந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது. நான் ஒரு வாய், அவர் ஒரு வாய். கஞ்சி, டீ, மாத்திரை கரைத்த தண்ணி எதுவானாலும் அப்படித்தான். மாத்திரைக் கசப்பு எனக்குத்தான் முதலில். தம்பி பெண்டாட்டி முகம் சுளித்தாள், சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா என் முகத்தைப் பார்க்க மாட்டார், தொண்டையைப் பார்ப்பார். முழுங்கினது தெரிய வேண்டும். ஒரு தரம் அவசரத்தில் வாயிலேயே வைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினேன், உதட்டை மூடிக்கொண்டார். முழுங்கின பிறகுதான் திறந்தார். இனிமேல் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட மாட்டார் என்று எனக்குள் ஒரு தைரியம். கூப்பிடவும் இல்லை. ஒரு நாள் “ஆயி” என்றார். அன்றைக்கு நான் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நெல் பால் பிடிக்கிற சமயத்தில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். சொல்லி அனுப்ப வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்றாராம். திருப்பூரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஜனம் வந்தது. எங்கள் தெருவில் இப்போது இளவட்டம் யார் இருக்கிறார்கள்? அறுவடைக்கு மெஷின் வந்துவிட்டது. சங்கத்துக்கு ஆள் சேர்க்க வேண்டுமென்றால் திருப்பூருக்குத்தான் போக வேண்டும். தெரு முனையில் கொடிமரத்துக்குச் சிமெண்டுப் பீடம் கட்டியிருக்கிறார்கள், அதில் ஆடு ஏறிப் படுத்துக்கொள்கிறது. வந்த ஜனத்தில் பாதிப்பேருக்கு இந்தக் கிழவன் எதற்காக அடி வாங்கினார் என்பதே தெரியாது.

சாகக் கிடக்கிறவர் வாயில் சொந்தபந்தங்கள் ஆளுக்கு ஒரு வாய் பால் ஊற்றுவது வழக்கம். எனக்கு அதை நினைக்கவே பயமாக இருந்தது. வாயைத் திறந்து திறந்து ஊற்றுவார்களே, கடைசி நேரத்தில் மனுஷன் மறுபடியும் அந்தக் களத்தில் போய் நிற்பாரே என்று. இது ஒன்றாவது அவர் இஷ்டப்படி நடக்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். அத்தையும் நானும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். டம்ளரில் பால் எங்கள் கையில். ஊற்ற வருகிறவர் முதலில் ஒரு மடக்கு குடிக்க வேண்டும், அப்பா பார்க்கும்படி முழுங்க வேண்டும், அவர் வாயைத் திறந்தால் ஊற்றலாம், திறக்காவிட்டால் எழுந்து போய்விட வேண்டும். யாரும் தாடையைத் தொடக் கூடாது. சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள். என்னைப் பற்றித் தெரியும், அதனால் பேசவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராகக் குடித்தார்கள். அப்பா ஒவ்வொருத்தருக்கும் வாயைத் திறந்தார், கொஞ்சமாக, ஒரு துளி போகிற அளவுக்கு. குடிக்கிற மாதிரி பாவனை பண்ணின ஒரு மாப்பிள்ளைக்கு மட்டும் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. மிராசு வீட்டுப் பேரன். அந்தத் தாத்தா போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இவர் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து ஊரில் இருக்கிறார், உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று பேச்சு. தம்பி அவர்கள் நிலத்தைத்தான் குத்தகைக்குச் செய்கிறான். விழுந்தடித்துக்கொண்டு ஓடி நாற்காலி போட்டான். அவர் உட்காரவில்லை. மரியாதையாகத்தான் உள்ளே வந்தார், செருப்பை வெளியே கழற்றிவிட்டு. எங்கள் வீட்டுக்குள் அந்த வீட்டு ஆள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

“பெரியவர் எப்படியிருக்கார்?” என்றார்.

“கடைசி நேரம் சார். நீங்களும் ஒரு வாய் பால் ஊத்துங்க” என்று சொல்லி, என் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தம்பி அவரிடம் நீட்டிவிட்டான்.

அவர் வாங்கிக்கொண்டார். கட்டிலை நோக்கிக் குனிந்தார். அப்பாவின் கண் திறந்திருந்தது. உதடு இறுகுவதை நான் பார்த்தேன், அந்த நிலைமையிலும் இறுகியது.

“தம்பி, ஒரு நிமிஷம் நில்லுங்க” என்றேன் அவரிடம். அந்த வீட்டில் யாரையும் ஐயா என்று சொல்ல அப்பா எங்களை விட்டதில்லை. “எங்க வீட்டுல ஒரு வழக்கம் இருக்கு. ஊத்துறவங்க மொதல்ல ஒரு மடக்கு குடிக்கணும். நீங்களும் குடிச்சுட்டு ஊத்துங்க.”

“அக்கா, சும்மா இரு” என்றான் தம்பி.

அவர் டம்ளரைப் பார்த்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும் வாய் வைத்த டம்ளர். அவரும் யோசித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். டம்ளரைக் கொஞ்சம் மேலே தூக்கக்கூடச் செய்தார்.

“எனக்கு சுகருங்க” என்றார்.

“சக்கர போடாத பாலுதான்.”

“இல்லைங்க, டாக்டர் எதையும் வெளியில சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்.” டம்ளரை ஜன்னல் மாடத்தில் வைத்தார். அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தம்பியின் தோளைத் தொடாமல், தொடுகிற மாதிரி கையைக் காட்டி, “ஏதாவதுன்னா சொல்லியனுப்புங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தம்பி பின்னாலேயே ஓடினான். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

கடைசியாக அப்பா கண்ணில் பட்டது அந்த வீட்டு ஆள் கையிலிருந்த டம்ளராக இருக்கக் கூடாது, என் கையிலிருக்கிற டம்ளராக இருக்க வேண்டும். எழுந்து போய் மாடத்திலிருந்து அதை எடுத்தேன். “அப்பா, இங்க பாருப்பா” என்று சொல்லிவிட்டு ஒரு மடக்கு பாலை வாயில் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அத்தை அப்பாவின் நெஞ்சில் கை வைத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது, இல்லை என்று.

இறுகியிருந்த உதடு தளர்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. இனி யார் ஊற்றினாலும் போகும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பால் என் வாயிலேயே இருந்தது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மூக்கில் தண்ணீர் ஓடியது, மூச்சு முட்டியது. என் தொண்டையைப் பார்க்கிற கண் இனி இல்லை.

அத்தை எழுந்து வந்து என் கன்னத்தைப் பிடித்தது.

“முழுங்கிடு ஆயி” என்றது. “பாலுதான்.”